கியோட்டோவில் 12 நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கானாடுகாத்தான் பொண்ணு

எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடியில் வரலாறு முதுகலை கடைசி வருடம் படிக்கிறேன். நவம்பரில் எங்கள் துறையிலிருந்து ஒன்பது பேர் கியோட்டோவுக்குப் படிப்புப் பயணம் போகிறோம், மொத்தம் 12 நாள். ஜப்பானின் பாரம்பரியக் கலைகளும் ஜென் பௌத்தமும்தான் தலைப்பு. விடியற்காலையில் ஒரு கோயிலில் தியானம், அப்புறம் தேநீர்ச் சடங்கு, தூரிகை எழுத்து, பூ அடுக்குவது, மண்கலம் செய்வது என்று நாளுக்கொன்றாகப் போட்டிருக்கிறார்கள். நடுவில் நான்கு நாள் எங்கள் விருப்பத்துக்கு விட்டிருக்கிறார்கள். திரும்பி வந்து ஆளுக்கு நாற்பது பக்கம் எழுதித் தர வேண்டும். நம் ஊர்க் கலை ஒன்றையும் அங்கே பார்த்த ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேச வேண்டும், அது ஒன்றுதான் பேராசிரியர் போட்ட நிபந்தனை.

இரண்டு மாதமாகப் படித்துப் படித்து 31 இடங்கள் எழுதி வைத்திருக்கிறேன். நான்கு நாளில் 31 இடம் ஆகாது என்று எனக்கே தெரிகிறது, ஆனால் எதை அடிப்பது என்றுதான் தெரியவில்லை. நம் பக்கத்துக் கலையில் எதை எடுப்பது என்பதும் முடிவாகவில்லை. ஆத்தங்குடித் தரைக் கல், கண்டாங்கிச் சேலை, பனையோலைக் கொட்டான், வீட்டுச் சுவர்ப் பூச்சு எல்லாமே மனசில் ஓடுகிறது.

இன்னும் இரண்டு கவலை. எனக்கு வலது முழங்காலில் பழைய வலி உண்டு, சம்மணம் போட்டு அரை மணி நேரம் உட்கார்ந்தாலே எழுந்திருக்கக் கஷ்டம். அப்புறம் நான் அசைவம் சாப்பிடுவதில்லை.

கடைசியாக ஒன்று. ஊரில் அப்பச்சி கேட்டார்கள், "சும்மா உக்காரக் கத்துக்கிறதுக்கு அவ்வளவு தூரம் போகணுமாத்தா? நம்ம முகப்புத் திண்ணையில உக்காந்தா ஆகாதா?" கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்கள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அங்கே இருந்தவர்கள், போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

தேவகோட்டைக்காரன்

தங்கச்சி, நான் ஒசாக்காவில் வேலை பார்க்கிறேன், கியோட்டோ அரை மணி நேர ரயில்தான் என்பதால் விடுமுறை கிடைத்தால் அங்கேதான் இருப்பேன். 31 இடத்தையும் மறந்துவிட்டு ஒரு நாளைக்கு ஒரு இடம், அதிகம் போனால் இரண்டு என்று வைத்துக்கொள். நவம்பர் பாதிக்கு மேல் அங்கே இலை சிவக்கும் காலம், ஊரே அங்கேதான் இருக்கும், பேருந்தில் ஏற இடம் இருக்காது. நம் ஊரில் திருவிழா நாளில் டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள். முடிந்தவரை ரயிலிலும் சுரங்க ரயிலிலும் போ.

ரியோஆன்ஜி கோயிலின் கல்தோட்டத்தை மட்டும் விடாதே. ராண்டென் என்ற சின்ன ரயிலில் போனால் பக்கத்திலேயே நிறுத்தம் இருக்கிறது. காலை 8 மணிக்குத் திறக்கும்போதே போய்விடு. 25 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் இருக்கும், அவ்வளவுதான் தோட்டம். வெள்ளைச் சரளைக்கல் பரப்பி வாரிக் கோடு போட்டிருப்பார்கள், அதில் 15 கற்கள், தாழ்வாரத்தில் எங்கே உட்கார்ந்து எண்ணினாலும் 14தான் கண்ணில் படும், ஒன்று இன்னொன்றின் பின்னால் மறைந்துவிடும். முதல் தடவை போனபோது பத்து நிமிடம் எண்ணிவிட்டுக் கிளம்பிவிட்டேன். மூன்றாவது தடவைதான் கல்லை விட்டுவிட்டுப் பின்னால் இருக்கும் மண்சுவரைப் பார்த்தேன். களிமண்ணில் எண்ணெய் சேர்த்துக் கட்டிய சுவர். வருடக்கணக்காக அந்த எண்ணெய் கசிந்து கசிந்து பழுப்பும் கருப்புமாகத் திட்டுத் திட்டாகப் படம் போட்டிருக்கிறது. யாரும் வரையவில்லை. அந்தச் சுவரையே முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்பக்கம் போனால் ஒரு கல்தொட்டி இருக்கும், நாணயம் மாதிரி வட்டமாக, நடுவில் தண்ணீருக்குச் சதுரக் குழி. சுற்றி நான்கு எழுத்துகள், ஒவ்வொன்றும் அரைகுறை, நடுவில் இருக்கும் சதுரத்தையும் சேர்த்துப் படித்தால்தான் முழு எழுத்தாகும். போதும் என்பதை மட்டும் நான் அறிவேன் என்று பொருள். போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து என்று நம் வீட்டில் சொல்வார்களே, அதேதான்.

முழங்காலுக்குப் பயப்படாதே. முதலிலேயே சொல்லிவிட்டால் பல கோயில்களில் நாற்காலி தருவார்கள், இல்லாவிட்டால் உயரமான மெத்தை. சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு உட்காராதே, அதை யாரும் அங்கே பெருமையாக நினைப்பதில்லை. தியானத்தில் கண்ணை மூடக் கூடாது, பாதி திறந்து தரையைப் பார்க்க வேண்டும். மூச்சை ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணு, தவறினால் மறுபடி ஒன்று. தட்டையான கோலோடு ஒருவர் மெதுவாக நடந்து வருவார். தூக்கம் தள்ளினாலோ தோள் இறுகினாலோ நீ கை கூப்பிக் குனிந்தால் தோளில் அடிப்பார், அடித்த பிறகு அவரும் உன்னை வணங்குவார். பளீரென்று இருக்கும், ஆனால் வலி தங்காது. உள்ளே போகும்போது காலுறையைக் கழற்றச் சொல்வார்கள், நவம்பர் விடியலில் அந்த மரத்தரை ஐஸ் மாதிரி இருக்கும், உடம்பில் நல்ல கம்பளி போட்டுக்கொள்.

சாப்பாடுதான் உண்மையான சிக்கல். காய்கறி மட்டும் போட்டது என்று சொல்லித் தருவதிலும் தாஷி என்ற சாறு இருக்கும், அது பெரும்பாலும் காய்ந்த மீனில் எடுத்தது. மிசோ சூப், நூடுல்ஸ் எல்லாவற்றிலும் வரும். கோயில் சமையலுக்கு ஷோஜின் ரியோரி என்று பெயர், அதில் கடற்பாசியிலும் காளானிலும்தான் சாறு எடுப்பார்கள், வெங்காயம் பூண்டுகூடச் சேராது. அதைக் கேட்டுச் சாப்பிடு. மற்ற நேரத்துக்குப் பருப்புப் பொடி கொண்டு போ. கடையில் வெறும் சோறு சுடச்சுடக் கிடைக்கும். நாடு முழுக்க ரயிலில் சுற்ற ஒரு வாரத்துக்கு விற்கும் ஜேஆர் பாஸ் விலை அதிகம், கியோட்டோவிலேயே இருப்பவர்களுக்கு அது வீண்.

ஆத்தங்குடிப் பட்டறை

தங்கச்சி சொன்ன நாலில் எங்கள் தொழிலும் இருப்பதால் எழுதுகிறேன். தாத்தா காலத்திலிருந்து பூக்கல் போடும் வீடு எங்களுடையது.

நீ ஜப்பானுக்குக் கிளம்பும் முன்பு உன் ஊரில் இருக்கும் ஜப்பானைப் பார். கானாடுகாத்தான், பள்ளத்தூர், காரைக்குடி பெரிய வீடுகளில் முகப்பிலும் வளவுச் சுவரிலும் இடுப்பு உயரத்துக்குப் பளபளவென்று பூவும் மயிலும் சாமி படமுமாகப் பதித்திருக்கிறார்களே, அந்தச் சுட்ட ஓட்டில் பாதிக்கு மேல் சீமையிலிருந்து வந்தது என்றுதான் ஊரில் சொல்வார்கள். அதில் ஜப்பானில் செய்தது நிறைய இருக்கிறது. 1910க்குப் பிறகு, இரண்டாம் உலகப் போருக்கு முன்புவரை கப்பல் கப்பலாக வந்தது. பர்மா தேக்கும் இத்தாலிச் சலவைக்கல்லும் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், இதைப் பற்றிப் பேசுவதில்லை. பழைய வீடு இடிக்கும் இடத்தில் கழற்றிப்போட்ட ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் முதுகில் மேட் இன் ஜப்பான் என்று புடைப்பாக எழுதியிருக்கும், சிலதில் கம்பெனி முத்திரையும் இருக்கும். ஜப்பானில் தோகொனாமே என்ற ஊரில் இனாக்ஸ் லைவ் மியூசியம் என்ற அருங்காட்சியகம் இருக்கிறது, அதில் உலக ஓடுகளுக்கென்றே ஒரு தனிக் கட்டிடம். நகோயா போய் அங்கிருந்து வேறு ரயில் பிடிக்க வேண்டும். உன் நான்கு நாளில் ஒரு நாளை அதற்குக் கொடு என்பேன்.

அடுத்தது ராக்கு கலம். தேநீர்ச் சடங்குக்கு என்றே பிறந்த கிண்ணம் அது. 16ஆம் நூற்றாண்டில் சோஜிரோ என்பவர் முதலில் செய்தார், அவர் கூரை ஓடு செய்யும் வேலைக்காரர்! 1574ஆம் ஆண்டு தேதி பொறித்து அவர் செய்த சிங்க ஓடு ஒன்று இன்றைக்கும் இருக்கிறது. ஓடு செய்கிறவன் கையைப் பார்த்துத்தான் தேநீர் ஆசான் ரிக்யூ அவரிடம் கிண்ணம் கேட்டார் என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது. சக்கரம் கிடையாது, கையால் பிடித்துப் பிடித்து மேலே கொண்டு வந்து, கத்தியால் செதுக்குவது. சின்னச் சூளையில் வைத்து, செக்கச்செவேலென்று கனலும்போதே இடுக்கியால் வெளியே எடுத்துவிடுவார்கள். கருப்பு மெருகுக்குக் காமோ ஆற்றுக் கல்லை அரைத்துப் போடுவார்கள். அந்தக் குடும்பம் இப்போது 16ஆம் தலைமுறை, கியோட்டோவிலேயே ராக்கு அருங்காட்சியகம் இருக்கிறது.

எங்கள் வேலையில் தீயே கிடையாது. கண்ணாடிப் பலகை மேல் இரும்புச் சட்டம், அதற்குள் டிசைன் அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் வர்ணம் கலந்த சிமெண்டுக் கூழைக் கரண்டியால் ஊற்ற வேண்டும், கை நடுங்கினால் பச்சை போய்ச் சிவப்பில் விழுந்துவிடும். அப்புறம் அச்சை ஒரே தூக்காக நேராகத் தூக்க வேண்டும். வர்ணம் ஒன்றோடொன்று சேரும் அந்தக் கோடு சுத்தமாக நிற்பதும் கலங்குவதும் அந்த ஒரு நொடியில்தான். மேலே காய்ந்த சிமெண்டும் மணலும் தூவி, ஈரக் கலவை போட்டு மட்டம் தட்டி, ஒரு நாள் விட்டு, பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, வெயிலில் வைப்போம். கண்ணாடி தானாக விட்டு வரும்போதுதான் முகம் எப்படி வந்திருக்கிறது என்று எங்களுக்கே தெரியும். செய்கிறவன் முகத்தைப் பார்க்காமலே செய்யும் வேலை இது.

நீ எதை எடுத்தாலும் சரி, போகும் முன்பு ஒரு நாள் முழுக்க எங்கள் பட்டறையில் வந்து உட்கார். படம் எடுக்க வராதே, அச்சைத் தூக்கிப் பார்க்க வா. கை ஒரு வேலையைத் தெரிந்துகொண்டு போனால் அங்கே இன்னொருவர் கையைப் பார்க்கும்போது உனக்கே புரியும்.

கானாடுகாத்தான் பொண்ணு

ஆத்தங்குடி அண்ணே, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டாம் கட்டில் அப்பத்தா பூட்டி வைத்திருக்கும் மங்குச் சாமான் எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சீர் கொடுத்த அடுக்கில் நீலப் பூப் போட்ட ஏழு தட்டின் அடியிலும் ஜப்பான் என்று இருக்கிறது. இத்தனை வருடம் அதில் சாப்பிட்டிருக்கிறேன், ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்த்ததில்லை. அப்பத்தாவிடம் காட்டினேன், ஒன்றும் சொல்லாமல் ஒரு தட்டைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். வரும் சனிக்கிழமை பட்டறைக்கு வருகிறேன்.

தேவகோட்டை அண்ணே, பட்டியலில் 22 இடத்தை அடித்துவிட்டேன்.

தேநீர்ச் சடங்குக்கு எப்படித் தயாராவது என்று யாராவது சொல்வீர்களா? தப்பாக ஏதாவது செய்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அப்புறம் ஜென்னின் முதல் ஆசானாகச் சொல்லப்படும் போதிதர்மர் காஞ்சிபுரத்திலிருந்து போனவர் என்று கட்டுரையில் எழுதலாமா?

கோவிலூர் டீச்சர்

அம்மாடி, நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. என் வீட்டுக்காரருக்குக் கோபேயில் வேலை இருந்தபோது நான்கு வருடம் வாரம் ஒரு நாள் தேநீர் படித்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் போதிதர்மர். ஜப்பானில் அவரைத் தருமா என்று ஒரு சிவப்புப் பொம்மையாகவே வீட்டில் வைத்திருக்கிறார்கள், வேண்டுதலுக்கு ஒரு கண் வரைந்து, நிறைவேறியதும் மறு கண் வரைவார்கள். நம் ஆள் என்று சொல்லிக்கொள்ள நமக்கு ஆசைதான். ஆனால் பழைய சீன நூல்களே ஒத்துப்போகவில்லை. கி.பி. 547 வாக்கில் எழுதிய ஒன்று அவரைப் பாரசீகத்தவர் என்கிறது, இன்னொன்று தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்கிறது. அந்த இரண்டிலும் காஞ்சியும் இல்லை, பல்லவரும் இல்லை. மரபுப்படி தென்னிந்தியர் என்று எழுது, அதோடு நிறுத்து. ஐயமே வேண்டாத சங்கதி வேறு ஒன்று இருக்கிறது: தியானம் என்ற சொல்தான் சீனத்தில் சான் ஆகி, ஜப்பானில் ஜென் ஆனது.

தேநீரும் ஜென்னும் ஒன்றாகவே வந்தவை. ஐசாய் என்ற துறவி சீனத்திலிருந்து 1191இல் திரும்பியபோது ரின்சாய் என்ற ஜென் பிரிவையும் தேயிலை விதையையும் கொண்டு வந்தார் என்பது மரபு. 1202இல் அவர் தொடங்கிய கென்னின்ஜி கோயில் கியோட்டோ நடுவிலேயே இருக்கிறது, நடந்தே போகலாம். தூங்காமல் தியானத்தில் உட்காரத் துறவிகள் குடித்த தேநீர், நானூறு வருடம் கழித்து சென் நோ ரிக்யூ கையில் இப்போதைய வடிவத்துக்கு வந்தது. அவர் 1522இல் பிறந்தவர். 1591இல் ஹிதெயோஷி என்ற ஆட்சியாளரின் கட்டளையால் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்ள வேண்டி வந்தது.

நீ நவம்பரில் போவது நல்ல யோகம். அந்த மாதம்தான் தரையில் பதித்த கனலடுப்பைத் திறப்பார்கள், வசந்தத்தில் பறித்து ஜாடியில் மூடி வைத்த தேயிலையையும் அப்போதுதான் உடைப்பார்கள், தேநீர்க்காரர்களுக்கு அதுதான் வருடப் பிறப்பு. பயப்பட ஒன்றும் இல்லை. சுத்தமான வெள்ளைக் காலுறை ஒரு ஜோடி தனியாகக் கொண்டு போ, தேநீர் அறைக்கு அது வேண்டும். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் கழற்றிவிடு, கிண்ணத்தில் கீறல் விழும். பாயின் ஓரத்துத் துணிப்பட்டையை மிதிக்காதே. முதலில் இனிப்பு வரும், அதை முழுக்கச் சாப்பிட்டுவிடு, அந்தத் தித்திப்பு நாக்கில் இருக்கும்போதே கசப்புத் தேநீர் வரும். கிண்ணத்தை இடது உள்ளங்கையில் வைத்து வலது கையால் இரண்டு தடவை கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். கிண்ணத்தின் அழகான முகத்தை உனக்கு நேராக வைத்துக் கொடுப்பார்கள், அந்த முகத்தில் வாய் வைக்கக் கூடாது என்பதற்காகத்தான் திருப்புவது. காரணம் தெரிந்துவிட்டால் மறக்காது. குடித்த பிறகு உதடு பட்ட இடத்தை விரலால் துடைத்துவிட்டு, கிண்ணத்தைத் தாழப் பிடித்துப் பார். விழுந்தால் உடையாத உயரத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும்.

சுவர்ப் பூச்சை எடுக்க நினைத்தால் உனக்கு நல்ல ஜோடி ஒன்று இருக்கிறது. நம் வீட்டுச் சுவரைச் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக் கருவும் கடுக்காயும் வெல்லமும் சேர்த்துத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கினார்கள். கையை வைத்தால் வெயில் காலத்திலும் ஜில்லென்று வழுக்கும், கொத்தனார் கை எங்கே நின்றது எங்கே போனது என்று ஒரு தடம் இருக்காது. கியோட்டோ பக்கத்தில் ஓயாமசாக்கி என்ற ஊரில் தையான் என்று ரிக்யூ பெயரில் நிற்கும் தேநீர்க் குடில் இருக்கிறது, இரண்டே பாய் விரிக்கும் அளவு. அதன் சுவர் முரட்டு மண், வைக்கோல் துணுக்கு வெளியே தெரிகிறது, அதை மறைக்க யாரும் முயலவில்லை. தேய்த்து மெருகேற்ற வசதி இல்லாமல் அப்படி விடவில்லை. நாட்டையே ஆண்டவர்கள் தேநீர் குடித்த காலத்தில் கட்டியது. உள்ளே நுழையும் வாசல் ஏறக்குறைய இரண்டரை அடிச் சதுரம்தான், யாராக இருந்தாலும் குனிந்து தவழ்ந்துதான் போக வேண்டும். முன்கூட்டியே எழுதி அனுமதி கேட்டால் வெளியிலிருந்து பார்க்கலாம். கிடைக்காவிட்டால் அதே ஓயாமசாக்கி ஊர் அருங்காட்சியகத்தில் உள்ள முழு அளவு நகலைப் பார்.

உங்கள் அப்பச்சி கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. திண்ணையில் உட்காரலாம், தாராளமாக. நான் கண்ட வித்தியாசம் இதுதான்: அங்கே நீ உட்காரும் நேரத்தை வேறொருவர் காவல் காக்கிறார். மரக்கட்டை தட்டும் சத்தம் கேட்கும், மணி அடிக்கும், அதற்கப்புறம் அடுத்த மணி வரை உன்னை ஒருவரும் கூப்பிட மாட்டார்கள், நீயும் எழ மாட்டாய். பக்கத்தில் இருபது பேர் அதே மாதிரி இருப்பார்கள். நம் வீட்டில் பெண்பிள்ளை திண்ணையில் கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்தால் உள்ளேயிருந்து குரல் வரும். எனக்கு அந்தக் காவல் ஐம்பது வயதில்தான் கிடைத்தது. உனக்கு இப்போதே கிடைக்கிறது, போய் வா.

ஓலைக்கொட்டான்

அக்கா, அங்கே யாரைப் பார்க்கப் போனாலும் கைநீட்டு மாதிரி ஏதாவது கொண்டு போவது வழக்கம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பனையோலைக் கொட்டான் சின்ன அளவில் ஒன்பதோ பத்தோ எடுத்துப் போங்கள், ஒன்றுக்குள் ஒன்று அடுக்கினால் பெட்டியில் இடமே பிடிக்காது. நன்றாகக் காய்ந்ததா, பூச்சி இல்லாததா பார்த்து வாங்குங்கள், ஜப்பானுக்குள் செடி, ஓலைச் சாமான் கொண்டு போக என்ன விதி என்று சென்னையில் இருக்கும் ஜப்பான் துணைத் தூதரகத்தில் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தேநீர்க்காரர்கள் பூ வைக்க மூங்கில் கூடை வைத்திருப்பார்கள், கையால் பின்னியதைப் பார்த்தால் அவர்களுக்குத் தெரியும். எங்கள் அம்மா பின்னுவார்கள், வேண்டுமானால் சொல்லுங்கள்.

கானாடுகாத்தான் பொண்ணு

டீச்சரம்மா, நீங்கள் கடைசியில் எழுதியதை அப்பச்சிக்கு அப்படியே படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் "அங்க குளிருமாமே, கம்பளி வாங்கியாச்சா" என்று கேட்டார்கள்.

தலைப்பு முடிவாகிவிட்டது, ஆனால் நான் முதலில் எழுதிய நான்கிலும் அது இல்லை. நேற்று ஆத்தங்குடி அண்ணன் பட்டறையில் மூன்று தடவை அச்சைத் தூக்கினேன், மூன்றும் கலங்கிவிட்டது. கையை நேராகத் தூக்குவது எவ்வளவு கஷ்டம் என்று வீட்டில் சொன்னபோது அப்பத்தா அரிசியை அரைத்துக் கரைத்து, துணியை அதில் நனைத்து மோதிர விரல் வழியாகச் சொட்டவிட்டு நடுவீட்டுக் கோலம் ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். மாவு ஈரமாக இருக்கும்போது கோடே தெரியாது, காயக் காயத்தான் வெள்ளை ஏறும். இழுத்த இழை இழுத்ததுதான், அழிக்க முடியாது. தூரிகை எழுத்திலும் ஒரு தடவை மை பட்டால் திருத்தக் கூடாது என்று படித்தேன். அதனால் நடுவீட்டுக் கோலமும் தூரிகை எழுத்தும் என்று எழுதப் போகிறேன். நான்கு நாளில் இரண்டு நாள் ஒரே எழுத்து ஆசிரியரிடம், ஒரு நாள் ரியோஆன்ஜி, ஒரு நாள் தோகொனாமே.

ஓலைக்கொட்டான் தம்பி, பத்துக் கொட்டான் வேண்டும், விதியைக் கேட்டுவிட்டு உறுதி சொல்கிறேன். சிவப்பும் பச்சையும் கலந்தது இருந்தால் நல்லது.